ஓடன், போவி, கைநழுவிப் போன மத்தவங்க: உங்களுக்கு இன்னும் உறுத்துற அந்த ஒரு நாளைச் சொல்லுங்க

மழையூர்க்காரன் (பீவர்டன், ஒரிகன்)

2009 டிசம்பர் 5. நம்ம என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணி போர்ட்லாண்ட் பிளேசர்ஸோட ரோஸ் கார்டன் அரங்கம், மேல் அடுக்கு, ஹூஸ்டனோட ஆட்டம். பிளேசர்ஸ் ரசிகர்களுக்குத் தேதியைச் சொன்னாலே போதும்.

முதல் குவார்ட்டர் கூட முடியல. ஹூஸ்டனோட ஆரன் புரூக்ஸ் கூடைக்கு ஓடி வர்றார், தடுக்கப் போன நம்ம சென்டர் (கூடைக்குப் பக்கத்துல ஆடுற உயரமான ஆள்) கிரெக் ஓடன் அப்படியே தரையில விழுந்தார். இடது முட்டிச் சில்லு உடைஞ்சிருக்குன்னு ராத்திரிதான் தெரிஞ்சுது. ஆனா ஸ்ட்ரெச்சர் வர்றதுக்கு முன்னாடியே அரங்கத்துக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. அத்தனை ஆயிரம் பேர் இருக்கிற இடத்துல யாரோ ஒரு குழந்தை அழுறது மட்டும் தனியா கேக்குது. என் பக்கத்து சீட்டுல ஒரு வயசான அம்மா. 77ல பில் வால்டன் கோப்பை வாங்கித் தந்ததையும் பார்த்தவங்க, அவர் பாதம் உடைஞ்சு உட்கார்ந்ததையும் பார்த்தவங்க. அவங்க ஒண்ணுமே பேசல. மடியில விரிச்சிருந்த சிவப்புத் துண்டை நாலா மடிச்சு, அதை இன்னொரு தடவை மடிச்சு, பைக்குள்ள வச்சு ஜிப்பை இழுத்தாங்க. ஆட்டம் இன்னும் மூணு குவார்ட்டர் பாக்கி.

எனக்கு உறுத்துறது அந்தத் துண்டுதான். 2007 டிராஃப்ட்ல (அணிகள் வரிசையா புது ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுக்கிறது) முதல் வாய்ப்பு நமக்கு. ஆபீஸ்ல ஓடன்தான் வேணும்னு தொண்டை வத்தக் கத்தினவன் நான். ஃப்ளோரிடாவுக்கு எதிரான கல்லூரி இறுதி ஆட்டத்துல 25 பாயிண்ட், 12 ரீபவுண்ட் எடுத்ததைப் பார்த்துட்டு யாருக்கு கெவின் டுராண்ட் மேல கண்ணு போகும்? அவரை ரெண்டாவதா சியாட்டில் எடுத்துச்சு. பையனுக்கு 52ஆம் நம்பர் ஜெர்சி வாங்கிக் கொடுத்தேன். நம்ம டீமுக்கு ஓடன் ஆடினது மொத்தம் 82 ஆட்டம். மத்தவங்க ஒரே சீசன்ல ஆடுற கணக்கு அது. இவருக்கு அஞ்சு வருஷம் ஆச்சு.

உங்களுக்கும் அப்படி ஒரு நாள் இருக்கும். எழுதுங்க.

பாயிண்ட்கார்டு

அண்ணா, ஓடனை எடுத்தது தப்புன்னு சொல்றதையே நான் ஒத்துக்க மாட்டேன். அன்னிக்கு யாரைக் கேட்டிருந்தாலும் ஓடன்தான்னு சொல்லியிருப்பாங்க. முட்டி உடையும்னு யாருக்கு ஜோசியம் தெரியும்? கண்ணைத் திறந்துக்கிட்டே பண்ணின தப்பு 2005.

அந்த வருஷ டிராஃப்ட்ல மூணாவது பிக், அதாவது மூணாவதா ஆள் எடுக்கிற உரிமை, நம்ம கையில இருந்துச்சு. அதை யூட்டாவுக்குக் கொடுத்துட்டு 6, 27, அப்புறம் அடுத்த வருஷத்து முதல் சுற்று பிக் ஒண்ணு வாங்கினோம். யூட்டா மூணுல டெரான் வில்லியம்ஸை எடுத்தாங்க. நாலாவதா நியூ ஆர்லியன்ஸ், கிறிஸ் பால். நமக்கு ஆறாவதா பள்ளிக்கூடத்துலேர்ந்து நேரா வந்த மார்ட்டெல் வெப்ஸ்டர். காரணம் என்ன? முந்தின வருஷம்தான் செபாஸ்டியன் டெல்ஃபேரை எடுத்திருந்தோம், அதனால இன்னொரு பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துற ஆள்) வேண்டாமாம்!

நியூ ஆர்லியன்ஸ் ஹார்னெட்ஸ் இங்க வந்த ஒரு ஆட்டத்துக்குப் போயிருந்தேன். பால் பந்தைத் தட்டிக்கிட்டே மெதுவா நடந்து வர்றான். நம்ம ஆளுங்க ரெண்டு பேர் அவன்கிட்டப் போறாங்க. அவன் பார்வை வலது பக்கம் இருக்கு, பந்து இடது பக்கம் அவன் டீம் டைசன் சாண்ட்லர் தலைக்கு மேல போய் நிக்குது. மூலையில வெப்ஸ்டர் இடுப்புல கைய வச்சுக்கிட்டு அதைப் பார்த்துட்டு நின்னான். அவன் மேல கோபமே வரல. பதினெட்டு வயசுல ஒரு ஊரோட பாரத்தைத் தூக்கி அவன் தலையில வச்சது யாரு?

கொலிசியம்காலத்தவர்

பாயிண்ட்கார்டு தம்பி, பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். 2006இல் அதே டெல்ஃபேரை பாஸ்டனுக்கு அனுப்பித்தான் ஏழாவது பிக் வந்தது. அதில் எடுத்த ராண்டி ஃபாயை மினசோட்டாவிடம் கொடுத்துத்தான் பிராண்டன் ராய் வந்தார். பாலை எடுத்திருந்தால் ராய் இங்கே வந்திருக்கவே வாய்ப்பில்லை. ஒரு முடிச்சைத் தனியாக இழுத்துக்கொண்டு பேசுவது சரியில்லை.

நான் 1984இல் கோர்வாலிஸில் முதுகலை மாணவன். டிராஃப்ட் ஜூன் 19. அன்று இரண்டாவது பிக்கில் போர்ட்லாண்ட் சாம் போவி பெயரைச் சொன்னபோது (அடுத்ததாகச் சிகாகோ எடுத்தது மைக்கேல் ஜோர்டானை) எங்கள் விடுதியில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கிளைட் டிரெக்ஸ்லர் முந்தின ஆண்டுதான் வந்திருந்தார், ஜிம் பாக்ஸன் இருந்தார். ஜோர்டானும் அதே இடத்து ஆட்டக்காரர். எங்களுக்குத் தேவை சென்டர். முதல் பிக் யாருக்கு என்று ஹூஸ்டனோடு காசு சுண்டியதில் தோற்றதால் ஒலாஜுவான் போய்விட்டார். மிச்சம் இருந்த பெரிய ஆள் போவி. தேர்ந்தெடுத்த ஸ்டூ இன்மன் ஒன்றும் தெரியாதவர் அல்ல. 77 சாம்பியன் அணியைக் கட்டியவரே அவர்தான். (1972இல் பாப் மெக்கடூ இருக்க லாரூ மார்ட்டினை முதல் ஆளாக எடுத்ததும் அவர் காலத்தில்தான். அதை மறைக்க மாட்டேன்.)

போவி ஆடியது 76 ஆட்டம், பிறகு 38, பிறகு 5, பிறகு ஒரு சீசன் முழுக்கப் பூஜ்யம், கடைசியாக 20. கூட்டினால் 139.

எல்லோரும் சிகாகோவோடு ஆடிய 1992 இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தைச் சொல்வார்கள். முதல் பாதியிலேயே ஜோர்டானுக்கு 35 பாயிண்ட், ஆறு த்ரீ (மூன்று பாயிண்ட் எறி). ஆறாவது விழுந்ததும் திரும்பி, உள்ளங்கையை விரித்துத் தோளைக் குலுக்கினாரே, அது. நானும் பார்த்தேன். வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம். தொலைக்காட்சியை யார் அணைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் என்னை உறுத்துவது அது இல்லை. அந்த இறுதிச் சுற்றுக்கு நாங்கள் போனதே போவியைக் கொடுத்து வாங்கிய பக் வில்லியம்ஸால்தான்.

2012இல் வந்த ஆவணப்படத்தில் போவி பேசுகிறார். கல்லூரியில் இடது கால் எலும்பு முறிந்து இரண்டு முழு சீசன் உட்கார்ந்தவர் என்பதால் போர்ட்லாண்ட் மருத்துவர்கள் பல மணி நேரம் சோதித்தார்கள். சின்ன மரச் சுத்தியலால் அந்த எலும்பைத் தட்டி, வலிக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றாராம். உள்ளே வலித்தது என்று இருபத்தெட்டு ஆண்டு கழித்துச் சொல்கிறார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அன்று அவருக்கு வயது 23. எதிரே கோடிக்கணக்கில் பணம், பின்னால் குடும்பம். அதற்குப் பிறகு ‘போவிதான் வரலாற்றிலேயே பெரிய தவறு’ என்று யார் எழுதினாலும் என்னால் படிக்க முடியவில்லை.

எமரால்டுவாசி (சியாட்டில்)

மழையூர்க்காரன், உங்க வருத்தம் புரியுது. ஆனா டுராண்ட் எங்களுக்குக் கிடைச்சது அதிர்ஷ்டம்னு மட்டும் யாரும் எழுதிடாதீங்க.

2008 ஏப்ரல் 13, கீ அரீனா, எங்க சோனிக்ஸ் அணி டல்லஸுக்கு எதிரா ஆடின கடைசி உள்ளூர் ஆட்டம். கடைசி நிமிஷங்கள்ல கூட்டம் முழுக்க எங்க சோனிக்ஸைக் காப்பாத்துங்கன்னு கத்துது. டுராண்ட் மைதான நடுவுல நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் மேல மேல தூக்கி இன்னும் கத்துங்கன்னு எங்களைக் கேக்கறான். பத்தொன்பது வயசுப் பையன், மெலிஞ்ச உடம்பு, நீளக் கை. ஜெயிச்சோம். அந்த வருஷமே அணியை ஓக்லஹோமா சிட்டிக்குக் கொண்டுபோயிட்டாங்க. 41 வருஷ அணி.

நீங்க ஒரு ஆட்டக்காரனைத் தப்பா எடுத்தீங்க. அடுத்த வருஷம் டிராஃப்ட் திரும்ப வரும், 2012ல லில்லார்டு வந்த மாதிரி யாராவது வருவாங்க. எங்களுக்குச் சரியான ஆள் கிடைச்சும் ஒரே ஒரு சீசன்தான். இது ரெண்டும் ஒரே தராசுல நிக்காது.

பாயிண்ட்கார்டு

நிக்காதுதான் சார். ஆனா இது தப்பான டிராஃப்ட் பத்தின திரி. ஊரை விட்டு அணி போனதுக்குத் தனியா ஒண்ணு ஆரம்பிங்க, நானும் வந்து எழுதுறேன், சத்தியமா. ராய் விஷயத்துல கொலிசியம் ஐயா சொன்னது சரிதான், ஆனா ராயோட முட்டியும் 2011லயே முடிஞ்சுபோச்சு. பால் பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆடினான்.

ஸ்காபரோ

உங்களிட்ட சென்டர் எண்டாலும் ஆடத் தெரிஞ்ச சென்டர். ரொறன்ரோ 2004இலை எட்டாவதா எடுத்தது ரஃபேல் அராவுஜோ. அடுத்த ஆள், ஒன்பதாவது, ஆந்த்ரே இகுவடாலா. ஃபிலடெல்பியா கொண்டு போட்டினம். ரண்டு வருசம் கழிச்சு முதல் பிக் கிடைக்க பர்க்னானியை எடுத்தம். அடுத்ததாப் போன ஆல்ட்ரிஜ்தான் உங்கடை ஊருக்கு வந்தவர்.

2019 இறுதிச் சுற்று, ரண்டாவது ஆட்டம். நானும் தம்பியும் காசு சேர்த்து உள்ளுக்கை போனனாங்கள். கடைசிச் செக்கண்டுகள், ரண்டு பாயிண்ட்தான் வித்தியாசம், பந்தைப் பறிச்சால் சமன் செய்யலாம். எதிரணி வோரியர்ஸ் ஆள் ஒருத்தன் தனிய நிக்கிறான். ஆர் எண்டு பாத்தால் இகுவடாலா. எங்கடை ஆக்கள் அவனை விட்டிட்டு ஸ்டெஃபன் கறியிட்டை ஓடீட்டினம். எறிஞ்சான், விழுந்திட்டுது. 109–104. தம்பி என்ரை கையைப் பிடிச்சபடியே, “அண்ணை, பதினைஞ்சு வருசமா இவனை விட்டுக்கொண்டு நிக்கிறம்” எண்டான்.

அந்த வருசம் கோப்பை எங்களுக்குத்தான் வந்தது. எண்டாலும் எனக்கு அந்த எறிதான் கனவிலை வாறது.

சிமெண்ட்கோர்ட்

நான் என்.பி.ஏ. அவ்வளவா பார்க்கிறதில்ல. என் தம்பி அனுப்பினான், கொலிசியம் ஐயா எழுதின அந்தச் சுத்தியலுக்காக.

எட்டாம் வகுப்பு முடிச்ச லீவுல விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போனேன். எந்த ஊர், எந்த விடுதின்னு வேண்டாம். பதிமூணு வயசுல 170 செ.மீ. உயரம், சுவத்துல சாக்பீஸால கோடு போட்டுட்டு அந்த சார் ரெண்டு தடவை அளந்தார். உள்ளே எடுத்தா மூணு வேளை சாப்பாடு, படிப்பு, ஷூ எல்லாம் அவங்க பொறுப்பு. அம்மா வேலிக்கு வெளியே வயர் கூடையோட நின்னுட்டிருந்தாங்க. அன்னிக்குக் கூலி போச்சு அவங்களுக்கு.

ரெண்டு மாசமா வலது கால்ல, முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவுல ஒரே இடத்துல வலி. எங்க பள்ளிக்கூடத்துல சிமெண்ட் கோர்ட், நான் ஆடினது கேன்வாஸ் ஷூவுல. ஓடும்போது கொஞ்சம் தாங்கித் தாங்கி ஓடினேன் போல. சார் கூப்பிட்டு பெஞ்சுல உட்காரவச்சார். குனிஞ்சு கட்டைவிரலால எலும்பு மேலயே அழுத்திக்கிட்டு வந்தார். சரியா அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, “இங்க வலிக்குதாம்மா?”ன்னு கேட்டார். நான் எதிர்ல இருந்த ரிங்கையே பார்த்துக்கிட்டு, “இல்லைங்க சார்”னு சொன்னேன். வலை கிழிஞ்சு ஒரு பக்கமா தொங்கிட்டிருந்தது. இப்பவும் வரைஞ்சு காட்டுவேன்.

எலும்பும்தசையும் (பிசியோ)

அக்கா எழுதினதைப் படிச்சதும் சொல்லாம இருக்க முடியல. நான் பிசியோதெரபிஸ்ட், பள்ளி மாணவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பெத்தவங்க யாராவது இதைப் படிச்சா தயவுசெஞ்சு கவனிங்க.

எலும்புல ஒரே இடத்துல, ஒரு விரல் நுனியால தொட்டுக் காட்டுற மாதிரி வலி இருந்தா அது சாதாரணத் தசைவலி இல்ல. ஓட ஓடக் கூடும், முத்தினா ராத்திரி படுக்கும்போதும் வலிக்கும். அழுத்தத்தால எலும்புல விழுற விரிசல் அது. ஆரம்பத்துல எக்ஸ்ரேயில தெரியாமலே போகலாம். படம் சுத்தமா இருக்குன்னு சொல்லிப் பையனைத் திரும்பக் கோர்ட்டுக்கு அனுப்பறது அடிக்கடி நடக்குது. சந்தேகம் இருந்தா எம்.ஆர்.ஐ. வரைக்கும் போங்க. பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரம் குதிக்காம ஓடாம இருந்தாலே கூடிடும். அந்த ஓய்வைக் கொடுக்காட்டித்தான் முழுசா முறியும். பயிற்சியை ஒரே வாரத்துல ரெண்டு மடங்கா ஏத்தாதீங்க. தேய்ஞ்ச ஷூவோட சிமெண்ட்ல ஆட விடாதீங்க. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்னு நின்னு வந்தா, சாப்பாடு பத்தாம இருந்தா, எலும்பு சீக்கிரம் விட்டுப்போகும். அதை வெட்கப்படாம கேளுங்க.

ஓடனுக்கு 2007 செப்டம்பர்ல வலது முட்டியில பண்ணின மைக்ரோஃப்ராக்சர் வேற விஷயம். குருத்தெலும்பு தேஞ்ச இடத்துல அடியில இருக்கிற எலும்புல சின்னச் சின்ன ஓட்டை போடுவாங்க. மஜ்ஜையிலேர்ந்து ரத்தம் கசிஞ்சு உறைஞ்சு அங்க புதுசா ஒரு திசு வளரும். ஆனா அது பழைய குருத்தெலும்பு அளவுக்கு உறுதியா இருக்காது. ஏழடி உடம்பு அது மேல தினமும் குதிச்சு இறங்கணும். அப்புறம் இடது முட்டியிலயும் அதே சிகிச்சை பண்ணினாங்க. இதை ‘தப்பான பிக்’னு ஒரே வார்த்தையில எழுதும்போது எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

முக்கியமான இன்னொண்ணு. குழந்தைகிட்ட “வலிக்குதா?”ன்னு தேர்வாளர் முன்னாடி கேக்காதீங்க. வீட்டுல, ஷூ கழட்டினப்புறம், தனியா கேளுங்க. ஒத்தைக் கால்ல பத்துத் தடவை குதிக்கச் சொல்லுங்க. வாய் இல்லைன்னாலும் கால் காட்டிக்கொடுத்துடும்.

மழையூர்க்காரன் (பீவர்டன், ஒரிகன்)

நன்றி சார். பையன் இப்ப கல்லூரி அணியில ஆடுறான், அவனுக்கு இதை அப்படியே அனுப்பிட்டேன். 52ஆம் நம்பர் ஜெர்சி இன்னும் அலமாரியிலதான் இருக்கு. தூக்கிப் போடச் சொல்லி அவனும் கேக்கல, நானும் போடல.

சிமெண்ட்கோர்ட் அக்கா, அப்புறம் உங்களை எடுத்தாங்களா?

சிமெண்ட்கோர்ட்

எடுத்தாங்க. பட்டியல்ல மூணாவது பேர் என்னோடது. அம்மா நோட்டீஸ் போர்டு பக்கத்துல நின்னு விரல் வச்சு வச்சு எழுத்துக்கூட்டிப் படிச்சாங்க.

நவம்பர்ல முறிஞ்சுது. கட்டு பிரிச்ச அன்னிக்கு அந்த சார் வந்து பக்கத்துல உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழிச்சு, “அன்னிக்கு எனக்குத் தெரியும்மா”ன்னார். உயரத்தைப் பார்த்துட்டு அவரும் விட்டுட்டார்.