ஆட்டுகிற குழாயில் மணல் தாமதமாக இறங்குகிறது, எங்கே தவறு? (அவசரம்)

செம்பனைத் தம்பி:
வணக்கம். பள்ளி அறிவியல் விழாச் சோதனை. நீர் நிரப்பி மணல் போட்ட இரண்டு குழாய்களில் ஒன்றை அசையாமல் நிறுத்தி, மற்றதை மேலும் கீழும் ஆட்டுகிறோம். ஆட்டுகிற குழாயில் மணல் தாமதமாகவே அடிக்குப் போகிறது. ஏற்றமும் இறக்கமும் சமம்தானே, கழிந்துபோக வேண்டாமா? வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

லயத்துக்காரி:
எந்த மணல் தம்பி? சுங்கை சிப்புட் ஆற்று மணலா, மீன்தொட்டி மணலா? எதைக் கொண்டு ஆட்டுகிறீர்கள்?

கிணற்றடி:
அளவெல்லாம் எதற்கு? தோட்டத்தில் இருந்தபோது கலங்கல் நீரில் படிகாரம் போட்டு மெதுவாகக் கலக்குவோம். துகள்கள் ஒட்டிக் கட்டியாகி விரைவில் தெளியும். ஆட்டினால் வேகம்தான் கூடும்.

லயத்துக்காரி:
மணலும் சேறும் ஒன்றா? மணல் ஒட்டாது.

கணக்குப்புலி:
கேட்குமுன் பாடநூலைப் புரட்டும் வழக்கம் ஒழிந்துவிட்டது. 1851இலேயே இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் சொல்லிவிட்டார்: இறங்கும் துகளுக்கு நீர் தரும் தடை, வேகத்துக்கு நேர்விகிதம். ஆட்டத்தின் இரு பாதிகளும் கழிந்துவிடும். வேறுபாடு வராது. கடிகாரத்தைச் சரிபாருங்கள்.

லயத்துக்காரி:
அண்ணன், அது நுண்துகளுக்கான விதி. 2 மைக்ரான் களிமண் மணிக்குச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான் இறங்கும். அரை மில்லிமீட்டர் மணலோ வினாடிக்கு ஆறேழு சென்டிமீட்டர். அங்கே தடை வேகத்தின் வர்க்கத்தை நெருங்குகிறது. மணல் கனம், நீரோடு ஒத்து ஆடாது. ஒரு பாதியில் நீர் அதை வேகமாக உரசும், மறுபாதியில் மெதுவாக. வேகமான பாதியில் ஏறும் தடையை மெதுவான பாதியின் சலுகை ஈடுகட்டாது. சராசரித் தடை கூடும், இறக்கம் குறையும். தம்பி, நைஸ் மண்ணில் செய்து பாருங்கள், வேறுபாடு மறைய வேண்டும்.

பழைய ஈயக்காரன்:
அப்படியென்றால் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்குச் சுரங்கங்களில் நீரைத் துடிக்கவிட்டு மணலிலிருந்து ஈயத்தை (வெள்ளீயத்தை) பிரித்த ஜிக் என்ற கருவி எப்படி வேலை செய்தது? ஈயம் அடியில்தானே தங்கியது!

லயத்துக்காரி:
நீரின் அடர்த்தி 1 என்றால் ஈயக்கல்லுக்குச் சுமார் 7, மணலுக்கு 2.65. ஒவ்வொரு துடிப்பிலும் படுகை தளர்கிறது, கனமானது முந்திக்கொள்கிறது. அது துகள்களுக்குள் நடக்கும் போட்டி. இது வேறு கேள்வி.

கிணற்றடி:
ஜிக்கா? எங்கள் பக்கம் ஈயம் பிரிக்கும் சரிவு வாய்க்காலான பாலோங்தான் இருந்தது.

பழைய ஈயக்காரன்:
பாலோங்கில் துடிப்பே இல்லை ஐயா, சரிவும் ஓடுநீரும்தான். நான் சொல்வது ஈயக்கப்பல், மிதந்தபடி ஈயம் தோண்டிய இயந்திரம். பத்து காஜா அருகே தஞ்சோங் துவாலாங் கப்பல் இன்றும் நிற்கிறது. 1938இல் கட்டியது, 1982 வரை ஓடியது. போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கிணற்றடி:
கப்பலைப் பார்த்தவர்கள் எல்லாம் பாலோங்கைப் பற்றிப் பேசக் கூடாது.

(இப்படியே பதினொரு பதிவுகள்.)

செம்பனைத் தம்பி:
மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். கடை மணல், பொட்டலத்தில் 0.5 மில்லிமீட்டர் என்றுள்ளது. தையல் இயந்திரத்தில் கட்டி ஆட்டினோம். முதலில் சலித்த நைஸ் மண்ணில்தான் செய்தோம், இரண்டு குழாயிலும் ஒரே நேரம். அதை எழுத மறந்துவிட்டேன். நன்றி அக்கா. அம்மா இயந்திரத்தைக் கேட்கிறார், போகிறேன்.

கணக்குப்புலி:
நைஸ் மண்ணில் வேறுபாடு இல்லை அல்லவா? முதலிலேயே சொன்னேன்.