தலைமையகம் அமெரிக்காவில் இருந்தால் ஐரோப்பிய ஒர்க்ஸ் கவுன்சில் கேட்க முடியுமா?

இரவுஷிப்ட்:
ஜெர்மனியில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். கம்பெனியின் தலைமையகம் அமெரிக்காவில். ஜெர்மனியில் 620 பேர், போலந்தில் 310, நெதர்லாந்தில் 240. போன மாதம் நெதர்லாந்து ஆலையின் ஒரு லைனை போலந்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். பதினாறு வருடம் அந்த லைனில் நின்ற நண்பர் அதைப் போனில் செய்தியாகத்தான் படித்தார். இங்கே எங்கள் பெட்ரீப்ஸ்ராட் (ஆலை ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிக் குழு) போய்க் கேட்டால், "முடிவு அமெரிக்காவில் எடுத்தது, எனக்கே தெரியாது" என்கிறார் மேனேஜர். அடுத்தது நாங்களோ என்று பயமாக இருக்கிறது. சட்டத்தில் ஏதாவது வழி உண்டா?

பழையபிரதிநிதி:
உண்டு தோழர். பல நாட்டு ஆலைகளைப் பாதிக்கும் முடிவுகளில் கம்பெனி தகவல் சொல்லி, கருத்துக் கேட்க வேண்டிய ஊழியர் பிரதிநிதிகள் குழுதான் ஐரோப்பிய ஒர்க்ஸ் கவுன்சில். அதற்கு 2009/38 என்ற ஐரோப்பிய ஒன்றிய உத்தரவைப் பாருங்கள். உறுப்பு நாடுகளில் மொத்தம் 1,000 பேர், குறைந்தது இரண்டு நாடுகளில் தலா 150 பேர் இருந்தால் போதும். கடைசி இரண்டு வருடச் சராசரிதான் கணக்கு. நீங்கள் தாராளமாக உள்ளே வருகிறீர்கள்.

தலைமையகம் வெளியே இருப்பது சாக்கு ஆகாது. ஐரோப்பாவில் ஒரு பிரதிநிதியை அவர்கள் நியமிக்க வேண்டும். நியமிக்காவிட்டால், எந்த நாட்டில் ஆட்கள் அதிகமோ அங்குள்ள நிர்வாகமே பொறுப்பு. அதாவது உங்கள் மேனேஜ்மென்ட்தான்! "எனக்குத் தெரியாது" என்று அவர்கள் ஒதுங்க முடியாது.

இரண்டு நாடுகளிலிருந்து சேர்த்து 100 ஊழியர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ எழுத்தில் கேட்க வேண்டும். உங்கள் பெட்ரீப்ஸ்ராட்டும் நெதர்லாந்துக்காரர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலே சரி. அப்புறம், கவுன்சிலை எப்படி அமைப்பது என்று கம்பெனியுடன் பேச ஊழியர்கள் தரப்பில் ஒரு பேச்சுவார்த்தைக் குழு. மொத்த ஊழியர்களில் ஒரு நாட்டின் பங்கில் ஒவ்வொரு பத்து சதவீதத்துக்கும், மிச்சமுள்ள பகுதிக்கும், ஒரு இடம். உங்கள் கணக்கில் ஜெர்மனிக்கு 6, மற்ற இரண்டுக்கும் தலா 3. செலவு கம்பெனியுடையது.

இரவுஷிப்ட்:
கடிதத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டால்?

பழையபிரதிநிதி:
ஆறு மாதத்துக்குள் பேச்சைத் தொடங்கவில்லை என்றால், சட்டமே வைத்திருக்கும் குறைந்தபட்ச விதிகளின்படி கவுன்சில் அமைந்துவிடும். பேசிக்கொண்டே இழுத்தடித்தாலும் மூன்று வருடம்தான். அதனால் கடிதம் கொடுத்த தேதிக்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள்.

வில்வோர்டேஅருகில்:
ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது கருத்துச் சொல்லும் உரிமை, தடுக்கும் உரிமை இல்லை. 1997 பிப்ரவரி 27 அன்று பெல்ஜியத்தின் வில்வோர்டே ஆலையை மூடுவதாக பிரெஞ்சு கார் கம்பெனி ரெனோ திடீரென அறிவித்தது. சுமார் 3,100 பேர். கவுன்சிலைக் கலந்து பேசாதது தவறு என்று பெல்ஜிய, பிரெஞ்சு நீதிமன்றங்கள் சொல்லின. ஆனாலும் ஆலை மூடப்பட்டது.

பழையபிரதிநிதி:
உண்மை. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் மாற்றுத் திட்டம் வைக்கலாம், வேறு லைனுக்கு ஆட்களை மாற்றக் கேட்கலாம். எங்கள் கவுன்சிலில் ஒருமுறை அப்படி நாற்பது பேருக்கு வேலை மிஞ்சியது. எனக்கு அந்த நாற்பது பேர் பெரிது.

இரவுஷிப்ட்:
நன்றி தோழர். நெதர்லாந்து நண்பரிடம் இப்போதுதான் பேசினேன். அவர்கள் பிரதிநிதிகள் கையெழுத்துப் போடத் தயாராம். திங்கட்கிழமை எங்கள் பெட்ரீப்ஸ்ராட் கூட்டத்தில் இதை வைக்கிறேன். போலந்துக்காரர்களையும் முதலிலேயே கூப்பிடப் போகிறோம்; வேலை அங்கே போகிறது என்பதற்காக அவர்களை விட்டுவிட மனம் வரவில்லை.