குருத்வாரா இளைஞர்களோடு கலந்துரையாடல்: சீக்கியர்களின் சுயபரிசோதனை முறை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஜெலுத்தோங் குமரன்:
வணக்கம். பினாங்கில் எங்கள் கோயில் இளைஞர் பகுதியும் குருத்வாரா இளைஞர்களும் சேர்ந்து ஒரு கலந்துரையாடல் வைக்கிறோம். தலைப்பு அவர்கள் கொடுத்தது: ‘சீக்கியரிடையே ஒழுக்கச் சரிவும் சுயபரிசோதனையும்’. நெறியாளர் நான். வெளியாள் என்பதால் வாய் தவறி யாரையும் புண்படுத்திவிடக் கூடாது. அவர்கள் மார்க்கம் எதைத் தவறு என்கிறது? தவறியவர் திரும்பி வர வழி என்ன? 2024 டிசம்பரில் பஞ்சாப் அரசியல்வாதி சுக்பீர் சிங் பாதல் கழுத்தில் அட்டையோடும் கையில் ஈட்டியோடும் பொற்கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தாரே, அது தண்டனையா?

செந்தூல் கோர்:
தம்பி, முதலில் சீக் ரெஹத் மரியாதாவைப் படியுங்கள். 1945-இல் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு ஏற்ற நடத்தை நெறி அது. அம்ரித் எனும் தீட்சை எடுத்தவருக்குப் பெருந்தவறு நான்கு: முடியை வெட்டுவது, குத்தா (முஸ்லிம் முறைப்படி அறுத்த) இறைச்சி உண்பது, பிறர் துணையோடு உறவு, புகையிலை. இதில் ஒன்று நடந்தாலும் ஒப்புக்கொண்டு மறுபடி அம்ரித் எடுக்க வேண்டும். மது இந்த நான்கில் இல்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அது செல்லாது. மது, கஞ்சா, அபின் எல்லாவற்றையும் அதே நெறி விலக்குகிறது. பணத்துக்காகச் சம்பந்தம் பேசக் கூடாது, சாதி பார்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. காலையில் குருத்வாராவில் ஆனந்த் காரஜ் எனும் திருமணச் சடங்கு, இரவு மண்டபத்தில் மேசைக்கு மேசை விஸ்கி. சரிவு என்று பேச்செடுத்தால் பெரியவர்கள் மனம் நொந்து முதலில் சொல்வது இதைத்தான்.

திரும்பி வரும் வழிக்கு ‘தன்கா’ என்று பெயர். தவறியவர் சங்கத் எனும் சபையின் முன், எங்கள் புனித நூலான குரு கிரந்த சாகிபின் சந்நிதியில், கைகூப்பி நின்று தன் தவற்றைச் சொல்வார். அங்கே கூடியிருப்பவர்களிலிருந்தே ஐவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஐவர் கலந்து பேசி என்ன சேவை என்று முன்மொழிவார்கள். பெரும்பாலும் கையால் செய்யும் வேலை: லங்கர் எனும் பொதுச் சமையற்கூடத்தில் பாத்திரம் துலக்குவது, வந்தவர்களின் செருப்பைத் துடைப்பது. முடிவில் அர்தாஸ் எனும் வேண்டுதல். சங்கத் மன்னிக்க முரண்டு பிடிக்கக் கூடாது, தவறியவரும் தீர்ப்போடு வாதாடக் கூடாது. இரண்டும் எழுதியே இருக்கிறது. பாதலுக்கு விதித்ததும் இதே தன்காதான், ஆனால் அது எங்கள் உயர்ந்த சமய பீடமான அகால் தக்த் விதித்தது. பழைய வரலாற்றில் மகாராஜா ரஞ்சித் சிங்கையே அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

புக்கிட் மெர்தாஜாம் வாசகன்:
அக்கா சொன்ன முறை எங்கே கெடுகிறது என்பதையும் குமரன் தெரிந்துகொள்ள வேண்டும். தவறியவர் தானாக வந்து நிற்பதுதான் இதன் உயிர். ஊர் வாய்க்குப் பயந்து இழுத்து வரப்பட்டவரிடம் சேவை வெறும் அபராதமாகிவிடும். நிர்வாகத் தேர்தல் சண்டைக்குள் இது புகுந்தாலோ, எதிரணியை மட்டம் தட்ட ஒரு கருவியாகிவிடும்.

தன்கா எப்போதோ ஒரு நாள் நடப்பது. அன்றாடப் பரிசோதனை நித்னேம் எனும் தினசரி ஓதலில்தான். விடியலில் ஜப்ஜி, ஜாப், சவையே, மாலையில் ரெஹ்ராஸ், படுக்கும் முன் சோகிலா. அர்தாஸின் முடிவுப் பகுதியில், ஓதியதில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருந்தால் பொறுத்தருள வேண்டும் என்று வேண்டுவார்கள். பாராயணத்தில் பிசகிய எழுத்துக்கே மன்னிப்புக் கேட்பவர், அன்று கடையில் எடையில் செய்த பிசகை நினைக்காமல் எழுந்துவிட்டால் அது வாய்ப்பாடம்தான். சூஃபி ஞானி ஷேக் ஃபரீத் கேட்டது இதைத்தான்: அறிவாளி என்றால் பிறர் மேல் கறுப்பாக எழுதாதே, தலையைக் குனிந்து உன் சட்டைக் கழுத்துக்குள் பார். குரு கிரந்த சாகிப், 1378-ஆம் பக்கம்.

ஜெலுத்தோங் குமரன்:
நன்றி அக்கா, நன்றி ஐயா. அப்படியானால் முதல் கேள்வியை எப்படிக் கேட்பது?

புக்கிட் மெர்தாஜாம் வாசகன்:
அவர்களைக் கேட்காதீர்கள். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் குடித்துவிட்டு ஆடும் நம் பிள்ளைகளைப் பற்றி உங்கள் தரப்பு முதலில் வாய் திறக்கட்டும். அதன்பின் ‘கல்யாண விருந்தில் மது வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்துக்கு என்ன நெருக்கடி வருகிறது?’ என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்ல முடியும். ‘சீக்கியர் ஏன் கெட்டுப்போனார்கள்?’ என்றால் சபை வாயடைத்துப் போகும்.

செந்தூல் கோர்:
இடத்தையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். குரு கிரந்த சாகிப் இருக்கும் வழிபாட்டுக் கூடமான தர்பாரில் என்றால் எல்லோரும் தரையில்தான், நெறியாளர் உட்பட. மேடை, நாற்காலி வரிசை எதுவும் கூடாது. குரு கிரந்த சாகிபுக்கு முதுகு காட்டியும் கால் நீட்டியும் உட்காரக் கூடாது. கேள்வி பதிலுக்கு லங்கர் கூடமே வசதி. உங்கள் பிள்ளைகளுக்குத் தலை மூட ஆளுக்கொரு துணி கொண்டுவரச் சொல்லுங்கள். சிகரெட் பாக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே வரவே கூடாது. மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களுக்கு அதை வெளியே வைக்க இடமிருக்காது, அதனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.