புதுப்பிப்பு: ஹெட்போனில் 'ஸ்' ஒலி காதைக் குத்துவது பற்றி

இந்தக் குத்தலைக் குறைக்க, டிரைவருக்கும் (ஹெட்போனுக்குள் ஒலி எழுப்பும் சிறு ஸ்பீக்கர்) காதுமெத்தைக்கும் நடுவில் 2 மடிப்பு டிஷ்யூ பேப்பர் வைக்கச் சொல்லியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். ஊட்டி, குன்னூர் மூடுபனியில் டிஷ்யூ ஈரம் இழுத்துச் சுருங்கும், ஓரம் தூக்கிக்கொள்ளும். இடதும் வலதும் வேறு வேறாகக் கேட்கும். பதிலாக 2 மி.மீ. மெல்லிய ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டி வையுங்கள். வாயருகே பிடித்து ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும். வராத ஸ்பாஞ்ச் பாஸையும் (தாழ்ந்த ஒலிகளையும்) கெடுத்துவிடும்.

அதற்கும் முன்னால் குல்லாவைக் கழற்றிக் கேளுங்கள். கம்பளிக் குல்லாவின் மேல் ஹெட்போன் மாட்டினால் மெத்தை காதைச் சுற்றி ஒட்டாது. பாஸ் கசிந்துபோய், அளவாக இருக்கும் ட்ரெபிள்கூட (உயர்ந்த ஒலிகள்கூட) கூர்மையாகத் தெரியும். மூக்குக்கண்ணாடியின் தடித்த காம்பும் இதைத்தான் செய்யும். அமுங்கித் தட்டையான மெத்தை என்றால் மாற்றுவதே சரி.

இவ்வளவுக்குப் பிறகும் குத்தினால்தான் ஈக்வலைசர் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி). வால்யூமை நன்றாகக் குறைத்து, 4,000 முதல் 12,000 ஹெர்ட்ஸ் வரை சைன் ஒலியை (ஒரே சுருதியில் கேட்கும் தூய ஒலி) மெதுவாக நகர்த்துங்கள். திடீரென்று சீறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே பீக் ஃபில்டர் (அந்த இடத்தை மட்டும் குறைப்பது), க்யூ (குறைக்கும் பகுதி எவ்வளவு குறுகலானது என்ற அளவு) 3, மைனஸ் 3 டெசிபெல். பாட்டில் 'ச', 'ஸ' இன்னும் உறுத்தினால் ஒவ்வொரு டெசிபெல்லாக மேலும் இறக்குங்கள். சைன் ஒலி எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கேட்கும்வரை வெட்ட வேண்டாம்: இந்த எல்லைக்குள் நம் காதின் வடிவமே எதிரொலித்துச் சில இடங்களில் மேடு காட்டும், அதையும் சேர்த்து வெட்டினால் ஜால்ராவும் மிருதங்கத்தின் 'நம்' சொல்லும் மங்கிவிடும்.