சொந்தமாகச் செய்த பவர் கேபிள்: ஸ்பீக்கரில் இரைச்சல், உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். நான் பேராக், சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். சென்ற மாதம் ஆம்ப்ளிஃபயருக்கும் சிடி பிளேயருக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கம்பி ஷீல்டு வயர் (குறுக்கீட்டைத் தடுக்க உலோக வலை சுற்றியது), ஃபியூஸ் உள்ள 13 ஆம்பியர் பிளக், கருவியின் பின்புறம் செருகும் ஐஇசி சி13 முனை ஆகியவற்றைக் கொண்டு நானே பவர் கேபிள் செய்து மாட்டினேன். அன்று முதல், ஒலியளவைக் கூட்டக் கூட்டத் தானும் கூடும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் இரண்டு ஸ்பீக்கரிலும் கேட்கிறது.

ஷீல்டு வலை பிளக் பக்கத்தில் மட்டுமே எர்த்துடன் சேர்ந்துள்ளது. மறுமுனையில் அதை வெட்டி, ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடியிருக்கிறேன். மல்டிமீட்டரில் மூன்று கம்பிகளும் சரியாகவே காட்டுகின்றன. இரண்டு கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகியபோது இரைச்சல் சற்றுத் தணிந்தது. இரண்டு கருவிகளுக்கும் இடையே ஒலியைக் கடத்தும் ஆர்சிஏ வயரைக் கழற்றினால் அறவே நின்றுவிடுகிறது. சிடி பிளேயருக்கு எர்த் இல்லாத பழைய இரு கம்பி கேபிளை மாட்டினாலும் இரைச்சல் இல்லை. எர்த்தைக் கழற்றிவிடச் சிலர் சொல்கிறார்கள். 230 வோல்ட் ஓடும் உலோகப் பெட்டியில் அதற்கு நான் உடன்படமாட்டேன்.

எர்த்தைத் துண்டிக்காமல் இந்த இரைச்சலை நிறுத்த, ஆர்சிஏ வழியில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (நேரடி மின் தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்துவது) வைத்தால் போதுமா?