பாஷ் ப்ராம்ப்டில் கலர் போட்டதும் நீளமான கமாண்ட் அதே வரியில் மேலேறி விழுகிறது

கேள்வி:
உபுண்டுவில், டெர்மினலில் தட்டுகிற கமாண்டை வாங்கி ஓட்டுகிற பாஷ் ஷெல்லைப் பயன்படுத்துகிறேன். பல சர்வர்களில் ஒரே நேரத்தில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழைகிற வழி) போட்டு வைத்திருப்பதால், எது எந்த மெஷின் என்று பார்த்ததும் தெரியட்டும் என்று பிஎஸ்1-ஐ, அதாவது கமாண்ட் தட்டும் இடத்துக்கு முன்னால் வருகிற ப்ராம்ப்ட் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்கிற மாறியை, மாற்றி, பெயர் பச்சை, ஃபோல்டர் நீலம், கிட் பிராஞ்ச் (கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்கிற கிட்டில் இப்போது இருக்கும் கிளை) மஞ்சள் என்று வைத்தேன். கலர் நன்றாகவே வருகிறது. ஆனால் கமாண்ட் கொஞ்சம் நீளமானால் அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் தொடக்கத்துக்கு வந்து ப்ராம்ப்ட் மேலேயே எழுதுகிறது. மேல் அம்புக்குறி அழுத்திப் பழைய கமாண்டைத் தேடினால் முந்தைய கமாண்டின் சில எழுத்துகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, பேக்ஸ்பேஸ் அடித்தாலும் போவதில்லை. என்டர் தட்டினால் சரியான கமாண்ட்தான் ஓடுகிறது. வேறு டெர்மினலிலும் இதே கதைதான். எங்கே பார்ப்பது?

பதில் 1:
டெர்மினல் மேல் தப்பில்லை. என்டர் தட்டினால் சரியாக ஓடுகிறது என்றால் கமாண்ட் பத்திரமாக இருக்கிறது, திரையில் வரைகிற கணக்குதான் பிசகுகிறது. பாஷில் நீங்கள் தட்டுவதை வாங்குவது ரீட்லைன். ப்ராம்ப்ட் திரையில் எத்தனை எழுத்துக் கட்டம் பிடிக்கிறது என்று எண்ணி வைத்துத்தான் அது வரியை எங்கே மடக்குவது என்று முடிவு செய்யும். \033[01;32 எழுதிக் கடைசியில் ஒரு எம் போடுகிறீர்களே, பச்சைக்கான அந்தக் கலர் கோட் திரையில் இடமே பிடிக்காது, ஆனால் ரீட்லைன் அதையும் எழுத்தாக எண்ணிவிடும். அதனால் ஒவ்வொரு கலர் கோடையும் \[ என்று தொடங்கி \] என்று மூடுங்கள். கலரை நிறுத்துகிற \033[0 எம்மையும் அப்படியே மூட வேண்டும், பலர் விடுவது அதைத்தான். கலர் கோட் மட்டும்தான் உள்ளே. பெயரையோ ஃபோல்டரையோ சேர்த்து மூடினால் கணக்கு எதிர்ப்பக்கம் தவறும்.

கேட்டவர்:
பெயரும் ஃபோல்டரும் சரியாகிவிட்டன, நன்றி. பிராஞ்ச் பெயரை எடுக்கிற பங்ஷன்தான் இன்னும் படுத்துகிறது. அதற்குள்ளும் \[ \] போட்டேன். பிஎஸ்1 சிங்கிள் கோட்டில் (' ' மேற்கோள் குறிக்குள்) இருந்தால் அந்த அடைப்புகள் அப்படியே திரையில் அச்சாகின்றன. டபுள் கோட்டுக்கு (" ") மாற்றினால் அவை மறைகின்றன, ஆனால் வேறு ஃபோல்டருக்குப் போனாலும் பழைய பிராஞ்சே நிற்கிறது.

பதில் 2:
இரண்டுக்கும் காரணம் எது முதலில் நடக்கிறது என்பதுதான். பாஷ் முதலில் பிஎஸ்1-இல் உள்ள பேக்ஸ்லாஷ் குறிகளைப் பிரித்துவிட்டு, அப்புறம்தான் $( ) உள்ளே இருப்பதை ஓட்டும். அதனால் பங்ஷன் திருப்பித் தருகிற \[ வெறும் எழுத்தாகவே நின்றுவிடுகிறது. டபுள் கோட்டில் போட்டால் பிஎஸ்1-ஐ அமைக்கிற அந்த நொடியிலேயே பங்ஷன் ஒரு தடவை ஓடி முடிந்துவிடும், பிறகு யார் ஓட்டுவது? சிங்கிள் கோட்டையே வைத்துக்கொள்ளுங்கள். பங்ஷனுக்குள் பிரிண்ட்எஃப் பயன்படுத்தி \[ இடத்தில் \001, \] இடத்தில் \002 போட்டால் வேலை செய்யும். ஆனால் எனக்கு இன்னும் பிடித்த வழி, மஞ்சளையும் அதை நிறுத்துகிற கோடையும் பிஎஸ்1-இலேயே வைத்துவிட்டு, பங்ஷன் பிராஞ்ச் பெயரை மட்டும் தரட்டும் என்று விடுவது. ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தாலும் புரியும்.

பதில் 3:
கூடவே இரண்டு விஷயம். கறுப்புத் திரையில் கலர் எண் 34, அதாவது நீலம், கண்ணை உறுத்தும், 94 போட்டுப் பாருங்கள். சர்வர்களில் ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ப்ராம்ப்டைக் கட்டாயம் 31 சிவப்பாக வையுங்கள், எந்த ஜன்னலில் தட்டுகிறோம் என்று ஒரு கணம் நின்று பார்க்க வைக்கும். அடைப்பெல்லாம் சரியாக இருந்தும் கர்சர் தள்ளி நின்றால் ப்ராம்ப்டில் எமோஜியோ தமிழ் ஃபோல்டர் பெயரோ இருக்கிறதா பாருங்கள். எமோஜிக்கு ஒரு கட்டமா இரண்டா, கொம்புக்கும் காலுக்கும் தனிக் கட்டம் உண்டா என்பதில் டெர்மினல் ஒரு கணக்கும் ரீட்லைன் வேறு கணக்கும் வைத்திருக்கும். அதற்கு நான் செய்வது, $ குறிக்கு முன்னால் ஒரு புதுவரி, அதாவது பேக்ஸ்லாஷ் போட்டு ஒரு என். மடக்குகிற கணக்குக்கு ரீட்லைன் ப்ராம்ப்டின் கடைசி வரியைத்தான் பார்க்கும், மேல் வரியில் எது இருந்தாலும் தட்டுகிற இடம் நகராது.