கேஸ் கசிவைக் காதால் பிடித்த அனுபவம்

2021 கடைசியில் இலங்கை முழுக்கச் சிலிண்டர்கள் வெடித்ததில் இருந்து கேஸ் மணம் என்றாலே எனக்கு நெஞ்சு பதறும். இது பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலில் நடந்தது. குசினிக்குப் பின்னால் 37.5 கிலோ சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும், அங்கிருந்து குழாய் உள்ளே போகும். இரண்டு நாளாக மணம் வருகிறது, இடம் பிடிபடவில்லை. கச்சான் காற்று மணத்தை இழுத்துப்போய் வேறெங்கோ விடுகிறது. கைக்கெட்டிய மூட்டிலெல்லாம் சவர்க்கார நுரை பூசினோம், ஒரு குமிழியும் இல்லை.

அப்புறம் ஒரு டெக்னீஷியன் வந்தார். டோர்ச் மாதிரி ஒரு கருவி, ஒரு ஹெட்போன். அழுத்தத்தில் இருக்கும் வாயு சிறு துளையால் பீறிடும்போது நம் காதுக்கு எட்டாத ஒலியும் எழும். நமக்கு 20 கிலோஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். கருவி 40 கிலோஹேர்ட்ஸ் அளவில் கேட்டு, நமக்குக் கேட்கும் ஒலியாக இறக்கித் தருகிறது. புகை இழுக்கும் விசிறி இரைந்துகொண்டேதான் இருந்தது, ஆனால் அந்த இரைச்சல் பெரும்பாலும் கீழ்ச் சுருதி, குழப்பவில்லை. ஹெட்போனை எனக்கும் தந்தார். ரெகுலேட்டருக்கு முன்னால், கூரையை ஒட்டிப் போன மூட்டுப் பக்கம் திருப்பியதும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று வந்தது. ஒரு சாண் விலக்கினால் போய்விடும். ஏணி வைத்து நுரை பூசினோம், குமிழி பொங்கியது.

வீட்டு அடுப்புக்கு இதை நம்ப வேண்டாம். ரெகுலேட்டருக்குப் பிறகு அழுத்தம் மிகக் குறைவு, கசிவு சத்தமே போடாமல் இருக்கலாம். அங்கே சவர்க்கார நுரைதான் சரி. கேஸ் காற்றை விடப் பாரம், தரையோடு தேங்கும். மணம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவைத் திறவுங்கள்.

*

அண்ணன், உங்கள் பதிவை வாசித்தேன். நான் மட்டக்களப்பு கல்லடி. கட்டாரில் எரிவாயுக் குழாய் வேலையில் இருந்தேன். மண்ணுக்குள் போகும் குழாயில் இப்படி நடந்து தேட முடியாது. இரண்டு இடத்தில் உணரி பொருத்தி, சத்தம் எதில் முந்தி வருகிறது என்று பார்ப்போம். இடைவெளி 200 மீற்றர், அந்த வாயுவில் ஒலி செக்கனுக்கு 430 மீற்றர், பிந்தியது 0.2 செக்கன் என்று வையுங்கள். 86 மீற்றர் வித்தியாசம். 200இல் அதைக் கழித்தால் 114, அதில் பாதி 57. அப்படியென்றால் முந்திக் கேட்ட உணரியில் இருந்து 57 மீற்றரில் தோண்டலாம்.

முதல் தடவை உணரி பொருத்தியபோது அப்பாவின் நினைவுதான் வந்தது. சின்ன வயதில் ஒரு பௌர்ணமி இரவு, கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மேல்முனையில் என் காதை வைக்கச் சொன்னார். வெளியே ஒரு சத்தமும் இல்லை. துடுப்புக்குள்ளே மீன் பாடியது.